கரையோரக் கிராமங்களிற் சிறு காளான் அறை: குறைந்த செலவிற் காற்றோட்டமும் குளிர்ச்சியும்

தூத்துக்குடி ஜில்லாவின் கடலோரமாகிய முத்துக்குளித்துறையிற் சிப்பி என்ற சொல் முன்னாளில் முத்துச் சிப்பியையே குறித்தது. 1961-ம் வருஷத்தோடு அக்கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. இப்பொழுது அச்சொல்லைக் கேட்குங்கால் குடியானவர்கள் சிலருக்கு வேறொரு சிப்பி நினைவுக்கு வரும். அது வைக்கோலில் வீட்டின் பின்கட்டிலேயே விளையும் சிப்பிக் காளான். தாமிரவருணிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடும்பங்களுக்கு வைக்கோல் கையிலேயே உள்ளது. விலைக்கு வாங்கவேண்டியது வித்து ஒன்றே. ஆயினும் இத்தொழிலை ஆரம்பித்தவர்களிற் பலர் முதற் கோடையிலேயே அதைக் கைவிடுகின்றனர். வித்தும் வைக்கோலும் குற்றமற்றவையாய் இருந்தும் படுக்கை அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டே: ஒன்று உஷ்ணம், மற்றொன்று கெட்ட காற்று. இவ்விரண்டையும் சொற்பச் செலவில் அடக்கும் முறை இப்பாடத்தில் விளக்கப்படுகின்றது.

காளான் வளர்ப்பு தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. கோயம்புத்தூரில் கே. எம். தாமஸ் முதலிய விவசாய இலாகா நிபுணர்கள் வைக்கோற் காளானைப் பயிராக்கும் முறையை 1943-ம் வருஷத்திலேயே வெளியிட்டனர். சிப்பிக் காளானைப் பயிராக்கும் முறை 1962-ல் மைசூரிலிருந்து வெளிவந்தது. உஷ்ணத்தைத் தாங்கும் பால் காளானில் ஏ.பி.கே. 2 என்னும் ரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்டது. ஆகவே இன்ன காலத்துக்கு இன்ன காளான் என்று தெரிந்தெடுக்க வழி உண்டு. இத்தெரிவும் குளிர்ச்சியைப் போலவே முக்கியமானது என்பது பின்னர் விளங்கும்.

1. காளானுக்கு வேண்டுவன

சிப்பிக் காளான் 20 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் நன்றாய் விளையும். 30 டிகிரியைத் தாண்டினால் விளைச்சல் குன்றும். பால் காளான் 30 முதல் 35 டிகிரி வரை விரும்பும். காற்றில் ஈரம் நூற்றுக்கு 80 பங்குக்குக் குறையாதிருத்தல் இரண்டுக்கும் அவசியம்.

காளான் பச்சிலைப் பயிரன்று. மனிதனையும் மாட்டையும் போலப் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளியிடுவது. வித்து வைக்கோலிற் பரவும் முதல் 15, 20 நாட்களில் அது கெட்ட காற்றைச் சகித்துக்கொள்ளும். மொட்டு அரும்பத் தொடங்கியபின் சகியாது. மேலும் வித்து பரவும் பருவத்தில் வைக்கோலும் உள்ளூர உஷ்ணத்தை உண்டாக்கும். படுக்கையின் நடுவிலுள்ள உஷ்ணம் அறைக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகமாய் இருக்கும். அறையில் 30 டிகிரி என்று காண்பவர் படுக்கையினுள்ளே 33 டிகிரி இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.

2. உப்பை விளைவிக்கும் காற்றே குளிர்ச்சியையும் விளைவிக்கும்

நீர் ஆவியாகுங்கால் சுற்றிலுமுள்ள உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோகலோரி உஷ்ணம் வேண்டும். ஒரு கிலோ ஐஸ் கரைந்து, அந்நீர் 29 டிகிரி வரை சூடேறுவதற்குக் கொள்ளும் உஷ்ணமோ 109 கிலோகலோரியே. துறைமுகத்து ஐஸ் ஆலையிலிருந்து ஐந்து கிலோ ஐஸ் வாங்கி அறையில் வைப்பவர் அடையும் பலனை, ஈரச்சாக்கில் ஒரு லிட்டர் நீரை ஆவியாகவிடுபவர் காசின்றி அடைகிறார். மட்பானையில் நீர் குளிர்வதும் இதனாலேயே. செங்கல் இரட்டைச் சுவரின் நடுவே ஈரமணல் இட்டுக் காய்கறிகளை வாடாமற் காக்கும் அறையை டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்துக் காட்டியதும் இத்தத்துவத்தைக் கொண்டே.

ஆனால் நீர் ஆவியாவதற்கு உலர்ந்த காற்று வேண்டும். இதை உப்பளத்தாரைப் போல் அறிந்தவர் இல்லை. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று மலையின் மேற்புறத்திலேயே மழையைப் பெய்துவிட்டு உலர்ந்து வருவதால் பாத்தியிலுள்ள நீர் விரைவில் வற்றி உப்பு பூக்கும். அக்காற்றே காளான் அறையின் ஈரச்சாக்கை நன்கு குளிரச் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளம் மூடியிருக்கும் நாளில் ஈரச்சாக்கும் பயன்படாது. பாத்தியில் உப்பு பூக்கும் நாள் சாக்கு குளிரும் நாள் என்று எளிதாய் நினைவிற் கொள்ளலாம்.

3. இரண்டு உஷ்ணமானிகள்

உத்தேசமாய்ச் செய்வதைவிட அளந்து செய்தல் நலம். சாதாரண உஷ்ணமானிகள் இரண்டு வாங்கி, அறைக்கு வெளியே நிழலிற் பக்கம் பக்கமாய்த் தொங்கவிடல் வேண்டும். ஒன்றின் குமிழில் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதன் நுனி ஒரு சிறு குப்பியிலுள்ள நன்னீரில் தோயும்படி விட வேண்டும். ஓலை விசிறியால் சிலநேரம் விசிறியபின் இரண்டையும் பார்த்தால், ஈரத் துணியுள்ளது குறைந்த அளவைக் காட்டும். இவ்விரண்டின் வித்தியாசமே குளிர்ச்சிக்கு அளவுகோல். நன்கு அமைந்த ஈரச்சாக்கு இவ்வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உஷ்ணத்தைக் குறைக்கும்.

ஓர் உதாரணம்: ஆனி மாதத்து நடுப்பகலில் உலர்ந்த உஷ்ணமானி 36 டிகிரியும் ஈர உஷ்ணமானி 25 டிகிரியும் காட்டுவதாகக் கொள்வோம். வித்தியாசம் 11. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறத்தாழ 7. ஆகவே அறை 29 டிகிரிக்கு இறங்கும். மழைக்காலத்து ஒரு நாளில் உலர்ந்தது 30-ம் ஈரமானது 27-ம் காட்டினால் வித்தியாசம் 3. எவ்வளவு நீர் தெளித்தாலும் 28 டிகிரிக்குக் கீழ் இறங்காது. மிகுந்த ஈரத்தால் பச்சைப் பூஞ்சணம் பிடிப்பதே மிச்சமாகும்.

எனவே விதி யாதெனில், வித்தியாசம் 6 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் சாக்கை நனைக்க வேண்டும். 3 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால் நனையாமல் காற்றை மட்டும் ஓடவிட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் உச்சிவேளையில் மட்டும் நனைத்தல் போதும்.

4. அறையின் அமைப்பு

ஆரம்பிப்பவர்களுக்கு 6 அடி நீளமும் 4 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள அறை போதும். வீட்டின் வடபுறம் அல்லது கீழ்ப்புறத் தாழ்வாரத்தில் இதை அமைத்தல் நலம். தகரக் கூரையின் கீழ் அமைக்க நேர்ந்தால் தகரத்தின்மேற் பனையோலையை இரண்டு வரிசை வேய்ந்துவிட வேண்டும். வெயில் மேலே விழாதபடி தடுப்பது, விழுந்த வெயிலைக் குளிரச் செய்வதைவிட மலிவு.

சட்டத்துக்குச் சவுக்குக் கழியோ பனங்கையோ போதும். பக்கங்களுக்குப் பனையோலைப் பாயை இரட்டையாய்க் கட்டி, உட்புறம் பாலிதீன் தாள் இட்டுக் காற்று கண்டவிடத்திற் புகாதபடி செய்தல் வேண்டும். தரையில் மூன்று விரற்கடை உயரம் மணல் பரப்பலாம். அது கடல் மணலாய் இருத்தல் ஆகாது. நான்கு உறிகள் கட்டி, ஓர் உறிக்கு மூன்றாகப் பன்னிரண்டு படுக்கைகளைத் தொங்கவிடலாம். ஒரு படுக்கைக்கு அரைக் கிலோ உலர்ந்த வைக்கோல் ஆக 6 கிலோ செல்லும். கிலோ வைக்கோலுக்கு முக்கால் முதல் ஒரு கிலோ வரை காளான் எதிர்பார்க்கலாம். படுக்கைகள் சுவரிலும் ஒன்றோடொன்றும் முட்டாதிருத்தல் அவசியம். இடைவெளி இல்லாவிடில் காற்று சுற்றிச் சென்றுவிடும், படுக்கையைத் தொடாது.

5. காற்று புகும் வழியும் போகும் வழியும்

காற்றோட்டத்துக்கு இரண்டு வாயில்கள் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் காற்று ஓடாது. மேற்குப் பக்கத்தில், தரையிலிருந்து அரையடி உயரத்தில், 2 அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள புகுவாயிலை விட்டு, அதில் ஈக்கள் நுழையாதபடி நெருக்கமான வலையும், வலைக்கு வெளியே நன்கு அலசிய கோணிச் சாக்கை இரண்டு மடிப்பாயும் கட்டுதல் வேண்டும். எதிர்ப்புறமாகிய கிழக்கில், கூரையை ஒட்டிப் போகுவாயில் அமைய வேண்டும். குளிர்ந்த காற்று கனமாதலால் கீழே புகுந்து பரவும். சூடேறிய கெட்ட காற்று மேலே சென்று வெளியேறும்.

மின்வசதி உள்ளோர் போகுவாயிலில் 12 வோல்ட்டில் ஓடும் 12 சென்டிமீட்டர் சிறு விசிறியை, கம்ப்யூட்டர்ப் பெட்டிகளில் இருப்பது போன்றதை, வைக்கலாம். இது உட்காற்றை வெளியே இழுக்கும்படி இருக்க வேண்டும், வெளிக்காற்றை உள்ளே ஊதலாகாது. இழுக்கும் விசிறிக்குக் காற்று ஈரச்சாக்கின் வழியாக வந்தே தீரும். ஊதும் விசிறியோ தன் சூட்டையும் வெளியிலுள்ள சூட்டையும் நேரே படுக்கையின்மேற் செலுத்தும்.

அறையின் கொள்ளளவு 168 கன அடி, அதாவது ஏறத்தாழ 4¾ கன மீட்டர். இத்தகைய விசிறி ஈரச்சாக்கின் தடையைக் கடந்து மணிக்குச் சுமார் 30 கன மீட்டர் காற்றை இழுப்பதாகக் கொண்டால், அறைக் காற்று மணிக்கு ஆறு முறை மாறும். மொட்டு அரும்பிய படுக்கைகளுக்கு இது போதும். 3 வாட் விசிறி இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்றே அதிகம் செலவாகும்.

வீடுகளுக்கு வாங்கும் ஏர் கண்டிஷனரை இவ்வறைக்கு வைக்க எண்ணுபவரும் உண்டு. அது இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரச் செய்வது. புதுக் காற்று தராது. காற்றிலுள்ள ஈரத்தையும் பிழிந்துவிடும். பணம் செலவிட்டுக் காளானை வாட்டுவதற்கு அது ஒப்பாகும்.

மின்வசதி இல்லாதோர் கச்சான் காற்றையே விசிறியாகக் கொள்ளலாம். மேற்கே ஈரச்சாக்கும் கிழக்கே திறந்த போகுவாயிலும் இருந்தால் காற்று தானே இழுத்துச் செல்லும். வாடைக் காற்று தொடங்கியபின் கிழக்கு வாயிலில் மழைச் சாரலும் எதிர்க்காற்றும் புகுமாதலால், அதற்கு ஓலையாற் சாய்ப்பு ஒன்று இறக்கிவிடுதல் வேண்டும்.

உப்புக் காற்று இரும்பை விரைவில் அரித்துவிடும். விசிறி பிளாஸ்டிக் சட்டத்தில் அமைந்ததாய் இருத்தல் நலம். மாதம் ஒருமுறை மின்னிணைப்பை நீக்கி இறக்கையிற் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மின்சாரத்தைக் குறைக்கும் சிறு பெட்டியை அறைக்குள் வையாமல் வெளியே உலர்ந்த இடத்தில் உயரமாய் வைத்தல் வேண்டும். ஓலைக் கூரையை ஒட்டி மின்கம்பி இணைப்புகள் இருத்தல் ஆகாது. ஒரு பொறி போதும், வீடே போய்விடும்.

6. நீர்

சாக்கை நனைக்க ஆள் காத்திருக்க வேண்டியதில்லை. மண்கலயத்தின் அடியில் சிறு துளையிட்டு, பழந்துணித் திரியைச் செருகி, சாக்கின் மேல்விளிம்பில் நீர் சொட்டும்படி தொங்கவிடலாம். மேற்சொன்ன அளவுள்ள அறையிற் காற்றை 7 டிகிரி குளிரச் செய்ய மணிக்கு 100 கிராம் நீரே ஆவியாகும். வெளிப்புறமாய் உலர்ந்து போவதையும் கீழே சொட்டுவதையும் சேர்த்தாலும் ஒரு பகலுக்கு ஒரு குடம் நீர் மிகுதி.

கரையோரத்துக் கிணறுகளிற் பல உவர்ப்பானவை. அந்நீரும் சாக்கைக் குளிரச் செய்யும். ஆனால் நீர் போய் உப்பு தங்கும். லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள நீரில் நாள்தோறும் 3 லிட்டர் ஆவியானால், ஒரு மாதத்தில் 270 கிராம் உப்பு சாக்கில் ஏறி அதன் கண்களை அடைத்துவிடும். ஆதலின் உவர்நீரைப் பயன்படுத்துவோர் வாரந்தோறும் சாக்கைக் கழற்றி அலசிக் காயவைத்துக் கட்ட வேண்டும். வைக்கோலை ஊறவைக்கவும் படுக்கைக்குத் தெளிக்கவும் உவர்நீர் உதவாது. அவற்றுக்கு ஆற்று நீரோ சேமித்த மழைநீரோ வேண்டும். வசதி உள்ளோர் இரண்டு கலயங்களிலும் அடையாளம் இட்டு வைத்தால் வீட்டார் மாற்றி எடுக்கமாட்டார்கள்.

7. அன்றாட நடைமுறை

வித்திட்ட முதல் 15, 20 நாட்கள் வரை விசிறியைக் காலையும் மாலையும் சிறிது நேரம் ஓட்டினாற் போதும். நடுப்பகலில் உஷ்ணத்தைத் தணிக்கவேண்டிய நாட்களில் மட்டும் கூடுதலாக ஓட்டலாம். வெண்ணிறப் பூஞ்சை படுக்கை முழுதும் பரவி மொட்டு அரும்பியவுடன் விசிறி நாள்முழுதும் ஓட வேண்டும். இரவில் வெளிக்காற்று குளிர்ந்திருக்குமாதலால் சாக்கை நனையாமலே ஓட்டலாம். பத்திரிகை படிக்கக்கூடிய அளவு வெளிச்சம் போதும், வெயில் படலாகாது.

கருவிகள் இல்லாதபோதும் காளானே பேசும். காம்பு நீண்டு குடை சிறுத்துப் புனல் வடிவாய் இருந்தால் கெட்ட காற்று நிறைந்துள்ளது. விசிறியின் நேரத்தைக் கூட்ட வேண்டும். குடையின் விளிம்பு வெடித்து மஞ்சள் நிறம் கொண்டாலோ மொட்டுகள் கருகினாலோ ஈரம் போதாது, அல்லது காற்று நேரே தாக்குகிறது. குடையின்மேல் நீர் தேங்கி வழவழப்பானால் தெளிப்பு மிகுதி, காற்று குறைவு. வைக்கோலிற் பச்சைத் திட்டு கண்டால் அப்படுக்கையை அன்றே அகற்றித் தூரத்திற் புதைத்தல் வேண்டும்.

அண்ணன் தம்பி இருவர் ஒரே நாளில் ஒரே வித்தைக் கொண்டு ஆளுக்குப் பன்னிரண்டு படுக்கை போட்டதாக வைத்துக்கொள்வோம். அண்ணன் உஷ்ணத்துக்கு அஞ்சி அறையை நாற்புறமும் அடைத்து, நாளைக்கு ஆறு முறை நீர் தெளிக்கிறார். உள்ளே நுழைந்தால் குளிர்ச்சியாகவே தோன்றும். பத்தாம் நாளிற் புளித்த வாடை வீசும், பதினைந்தாம் நாளிற் பாதிப் படுக்கை பச்சையாகும். தம்பி நீரை வெளிச்சாக்கோடு நிறுத்தி, உள்ளே காற்றை ஓடவிடுகிறார். அவர் அறை அண்ணனுடையதைவிட ஒரு டிகிரி கூடுதலாகவே இருக்கலாம். விளைச்சல் எடுப்பவர் அவரே. நீர் சாக்குக்கு, காற்று படுக்கைக்கு என்பது இத்தொழிலின் அடிப்படை.

8. காலத்துக்கேற்ற காளான்

மார்கழி முதல் மாசி வரை கடற்கரையில் உஷ்ணம் மிதமாய் இருக்கும். அப்பொழுது சிப்பிக் காளானை அதிகச் செலவின்றி எடுக்கலாம். பங்குனி முதல் வைகாசி வரை கடற்காற்றில் ஈரம் மிகுந்து, சாக்கின் பயன் கரையில் குறைவாகவும் உள்நாட்டில் அதிகமாகவும் இருக்கும். ஆகவே கரையோரத்தார் இக்காலத்திற் பால் காளானுக்கு மாறுவதே விவேகம். கச்சான் காலத்தில் ஈரச்சாக்கின் துணையால் அறை 29 டிகிரி அளவில் நிற்கும். அது சிப்பிக் காளானுக்கு எல்லையிலும் பால் காளானுக்கு இதமாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையிற் குளிர்ச்சியைவிடக் காற்றோட்டமும் ஈக்களைத் தடுப்பதுமே பிரதானம்.

ஈர உஷ்ணமானியே 27 டிகிரிக்கு மேற் காட்டும் நாட்களில் எந்தச் சாக்கும் சிப்பிக் காளானைக் காப்பாற்றாது. அப்பொழுது காற்றோடு போராடுவதை விட்டுப் பயிரை மாற்றுவதே நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி. மானாவாரி நிலத்தில் மழையைப் பார்த்து விதைப்பவருக்கு இது புதிய பாடமன்று.

9. கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

கிராம அதிகாரிகளும் இத்தொழிலிற் குடியானவர்களுக்கு உதவக்கூடும். முதலாவது, போகுவாயில் மக்கள் படுக்கும் அறையை நோக்கி இருத்தல் ஆகாது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும். சிப்பிக் காளானின் நுண்வித்துத் தூள் மூச்சிற் சென்றால் சிலருக்கு இருமலும் இரைப்பும் உண்டாகும். குடையின் விளிம்பு மேல்நோக்கி மடங்குமுன் அறுவடை செய்வதும், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு உள்ளே செல்வதும் நலம். இரண்டாவது, காட்டிலும் குப்பையிலும் தானே முளைக்கும் காளானை வளர்ப்புக் காளானோடு கலந்து விற்பதைத் தடுக்க வேண்டும். அவற்றுட் சில கொடிய விஷமுள்ளவை. மூன்றாவது, விளைந்து ஓய்ந்த வைக்கோலைத் தெருவில் எறியாமல் எருக்குழியில் இடச் செய்ய வேண்டும். அது ஈக்களைக் குறைப்பதோடு வயலுக்கும் உதவும்.

வித்து, ரகம் முதலியவற்றிற் சந்தேகம் உள்ளவர்கள் கிள்ளிகுளத்தில் உள்ள வ. உ. சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரியாரிடம் கேட்டறியலாம்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வெயிலைத் தடுத்தல் முதல் வேலை. குளிரச் செய்தல் அதன் பின்னரே.

2. உஷ்ணமானிகளின் வித்தியாசம் 6 டிகிரியோ அதற்கு மேலோ எனில் நனைக்கவும், 3 டிகிரியோ அதற்குக் கீழோ எனில் நனைக்கற்க.

3. காற்று மேற்கே தாழப் புகுந்து கிழக்கே உயரப் போதல் வேண்டும். விசிறி இழுப்பதாய் இருக்கட்டும்.

4. உவர்நீர் சாக்குக்கு மட்டும். படுக்கைக்கு நன்னீரே.

5. அறையை எவ்வளவு குளிரச் செய்ய இயலும் என்பதை அளந்தபின் காளானைத் தெரிந்தெடுக்கவும்.

பன்னிரண்டு படுக்கைகளை ஒரு வருஷம் முழுதும் இம்முறைப்படி நடத்தி, நாள்தோறும் இரண்டு உஷ்ணமானிகளின் அளவையும் விளைச்சலையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருபவர், தம் ஊரின் காற்றை நன்கு அறிந்தவராவார். பெரிய கொட்டகைக்குக் கடன் வாங்குவதை அதன்பின் யோசித்தல் தகும்.